அனுப்பி வைப்பது சிகிச்சை ஆகாது: பாம்புக்கடியும் சிறிய மருத்துவமனைகளும்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 உயிர்கள். 2020இல் வெளியான இந்த மதிப்பீட்டின் அடிப்படை, வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு சாவும் எப்படி நேர்ந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டறிந்து தொகுக்கப்பட்ட 'பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு'. மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் கூட்டிப் பார்த்திருந்தால் இதில் மிகச் சிறு பங்கே கண்ணில் பட்டிருக்கும். அதே ஆய்வின் 2011ஆம் ஆண்டு அறிக்கைப்படி, பாம்புக்கடியால் இறந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே மருத்துவமனையில் உயிர்விட்டவர்கள். மற்றவர்கள் வீட்டிலோ வயலிலோ வழியிலோ இறந்தார்கள். இந்த மரணங்கள் பெரும்பாலும் கிராமங்களில் நேர்கின்றன, பாதியளவு மழைக்கால மாதங்களில் நேர்கின்றன. சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவர்கள், இருட்டில் மடை திருப்பப் போகிறவர்கள், தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள்தான் இதற்கு இலக்கு.

இத்தனைக்கும் விஷமுறிவு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டிய ஒன்றல்ல. ஆல்பர்ட் கால்மெட் அதை 1890களிலேயே உருவாக்கிவிட்டார். இந்தியாவில் தயாராகும் மருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்து இலவசம். ஆரம்ப சுகாதார நிலையங்கள்வரை அது வந்து சேர்ந்திருக்கிறது. பிறகு ஏன் சாவு? இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படும். ஒன்று, மக்கள் மந்திரிக்கவும் பச்சிலைக்கும் போய் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்பது. மற்றொன்று, வென்டிலேட்டரும் டயாலிசிஸும் உள்ள பெரிய மருத்துவமனை பக்கத்தில் இல்லை என்பது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே நோயாளி முதலில் வந்து சேரும் சிறிய மருத்துவமனை ஒன்று இருக்கிறது. கடுமையான பாம்புக்கடியில் உயிர் பிழைப்பது பெரும்பாலும் அங்கே முதல் ஓரிரு மணி நேரத்தில் செய்யப்படுவதைப் பொறுத்தது. அதற்கு வேண்டியவை விலையுயர்ந்த கருவிகள் அல்ல, பழகிய கையும் தெளிவான நெறிமுறையும் என்பதே என் வாதம்.

விஷம் உடலில் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் இந்த அவசரம் விளங்கும். விஷமுறிவு மருந்து, இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்புரதம். திசுக்களுக்குள் புகுந்து ஏற்கனவே செய்துவிட்ட சேதத்தை அதனால் திருப்ப முடியாது. கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைச் சில மணி நேரத்துக்குள் தின்று தீர்த்துவிடுகிறது. ஈறு, சிறுநீர், மூளை என்று எங்கு வேண்டுமானாலும் கசிவு தொடங்கலாம். நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒழுகத் தொடங்கினால் இரத்த அழுத்தம் சரிகிறது, சிறுநீரகம் செயலிழக்கிறது. கட்டு விரியனின் விஷம் நரம்பு முனைகளையே அழிக்கிறது. அழிந்த முனைகள் மீண்டும் வளரும்வரை, நாள்கணக்கில், தசைகள் அசையாது. ஆகவே முதல் மணி நேரத்தில் ஏற்றும் 10 குப்பி மருந்தும், ஆறாவது மணி நேரத்தில் ஏற்றும் அதே 10 குப்பியும் ஒன்றல்ல. முன்னது சேதத்தைத் தடுக்கிறது. பின்னது நடந்து முடிந்த சேதத்தின் பக்கத்தில் நிற்கிறது. மருந்து இருக்கும் இடத்திலிருந்து அதைக் கொடுக்காமலே நோயாளியை 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினால், அவருடைய சிகிச்சையின் மிகச் சிறந்த நேரத்தைச் சாலையில் செலவழிக்கிறோம்.

மருந்தை எப்போது தொடங்குவது என்று தீர்மானிக்கச் சிறிய மருத்துவமனைக்கு வசதி உண்டா? உண்டு. முதலில், கடித்தது எந்தப் பாம்பு என்று தெரிய வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நம் நாட்டில் கிடைப்பது நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படும் ஒரே கூட்டு மருந்து. மருத்துவர் பார்க்க வேண்டியது பாம்பை அல்ல, நோயாளியை: இமை தாழ்கிறதா, கழுத்தைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது, எச்சில் விழுங்க முடிகிறதா, வீக்கம் மூட்டைத் தாண்டி ஏறுகிறதா, சிறுநீரின் நிறம் என்ன. இரத்தம் உறைகிறதா என்பதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் போதும். சிரையிலிருந்து எடுத்த ஒன்றிரண்டு மில்லி இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் வழிந்தோடினால் உறையவில்லை. மருந்து தொடங்க வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத் தூளால் கழுவப்பட்டிருந்தாலோ, ஐந்து நிமிடத்துக்கொரு முறை எடுத்து ஆட்டிப் பார்த்தாலோ முடிவு தவறாகிவிடும்.

இந்தச் சோதனை நம்பத்தக்கதல்ல என்று சொல்வோர் உண்டு. அவர்கள் கையில் சான்றும் உண்டு. இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தவர்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான வார்டுப் பணியின் நடுவே செய்யப்பட்ட இச்சோதனை, இரத்தம் உறையாமை உள்ளவர்களில் 40 விழுக்காட்டினரை மட்டுமே கண்டுபிடித்தது. மற்றவர்களுக்கு மருந்து தாமதமானது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. குழாயின் அளவையும் செய்முறையையும் ஒழுங்குபடுத்தி, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அதே நாட்டில் நடத்திய அடுத்த ஆய்வு 2017இல் வெளியானது. அதில் அந்த விகிதம் 82 விழுக்காடாக உயர்ந்தது. நோய் அதே நோய், பாம்பு அதே பாம்பு. மாறியது செய்த விதம் மட்டுமே. வசதி குறைந்த மருத்துவமனைக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. அங்கே இல்லாத கருவியை நினைத்து ஏங்குவதைக் காட்டிலும், இருக்கும் கருவியை ஒழுங்காகக் கையாள்வது கூடுதல் உயிர்களைக் காக்கும். முதல் சோதனையில் இரத்தம் உறைந்துவிட்டது என்பதற்காக நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடாது. திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். அறிகுறி எதுவுமே இல்லாதவரையும் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும். பாம்பு கடித்தவர்களில் கணிசமானோர் உடலில் விஷம் இறங்கியிருக்காது. அவர்களுக்கு மருந்து ஏற்றுவது வீண் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. கொடுக்க வேண்டியவருக்கு உடனே கொடுப்பது, வேண்டாதவருக்குக் கொடுக்காமலிருப்பது என்ற இரண்டும் ஒரே திறனின் இரு பக்கங்கள்.

அளவு விஷயத்தில் பரவலான ஒரு தவறு இருக்கிறது. 'இரண்டு குப்பி ஏற்றிவிட்டு அனுப்பு' என்பது பல இடங்களில் எழுதப்படாத விதியாகவே இருந்துவருகிறது. எதுவும் செய்யாமல் அனுப்பினோம் என்ற பழி வராது, முழுச் சிகிச்சையின் பொறுப்பும் சேராது. ஆனால் கணக்கு இதற்கு இடம் கொடுக்கவில்லை. கண்ணாடி விரியன் ஒரு கடியில் செலுத்தும் விஷம் சராசரியாக 63 மில்லி கிராம். 10 மில்லி கொண்ட ஒரு குப்பி மருந்து அந்த விஷத்தில் 6 மில்லி கிராமைத்தான் முறிக்கும். 10 குப்பி என்றால் 60 மில்லி கிராம். தேசிய வழிகாட்டி தொடக்க அளவை 8 முதல் 10 குப்பி என்று வைத்ததன் பின்னணி இதுதான். இரண்டு குப்பி 12 மில்லி கிராமை முறிக்கும்; மீதி விஷம் தன் வேலையைத் தொடரும். குழந்தைக்கும் இதே அளவுதான், ஏனெனில் பாம்பு ஆளின் எடை பார்த்து விஷத்தைச் செலுத்துவதில்லை. எடைக்கேற்ப மருந்தைக் குறைத்துக் கொடுத்துப் பழகிய கைக்கு இது முரணாகத் தோன்றலாம். குழந்தையின் சிறிய உடலில் அதே விஷம் இன்னும் கடுமையாக வேலை செய்யும் என்பதை நினைத்தால் முரண் அகன்றுவிடும். அதே சமயம், அதிகம் கொடுத்தால் சீக்கிரம் தெளியும் என்பதும் சரியல்ல. விஷம் முறிந்த பிறகும் உறைபுரதங்களைக் கல்லீரல் மீண்டும் உருவாக்கச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். அதனால்தான் அடுத்த சோதனையும் அடுத்த தவணை குறித்த முடிவும் ஆறு மணி நேரம் கழித்து வருகின்றன. இடையில் பதற்றத்தில் ஏற்றப்படும் குப்பிகள் இந்த நோயாளிக்கு உதவாது. அடுத்து வரும் நோயாளிக்கு இல்லாமலும் போகும்.

இந்த வாதத்துக்கு எதிரான மிக வலுவான ஆட்சேபம், மருந்தே ஆபத்தானது என்பது. குதிரையின் இரத்தத்திலிருந்து தயாராகும் இந்த மருந்து கடுமையான ஒவ்வாமையைத் தூண்டக்கூடும். மூச்சுக்குழல் சுருங்கலாம், இரத்த அழுத்தம் வீழலாம். இரவில் ஒரே ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் இருக்கும் இடத்தில் இதை எப்படித் தொடங்குவது என்ற அச்சம் நியாயமானது. இந்தியத் தயாரிப்பு மருந்தையே பயன்படுத்தும் இலங்கையில், 1007 நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று பங்கினருக்கு ஏதோ ஒரு வகை எதிர்வினை ஏற்பட்டது. ஆனால் தீர்வையும் அதே ஆய்வே காட்டியது. மருந்துக்கு முன்னால் தோலுக்கடியில் போடப்பட்ட 0.25 மில்லி கிராம் அட்ரினலின், கடுமையான எதிர்வினைகளை முதல் ஒரு மணி நேரத்தில் 43 விழுக்காடு குறைத்தது. வழக்கமாக நம்பிக்கையோடு போடப்படும் ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெத்தசினும் அப்படிப் பயன் தரவில்லை. முன்கூட்டிச் சிறிதளவு தோலில் குத்திச் சோதித்துப் பார்ப்பதும் வரப்போகும் எதிர்வினையைச் சொல்லாது. அதனால் வழிகாட்டிகள் அதைக் கைவிட்டுவிட்டன. எதிர்வினை வந்துவிட்டால் செய்ய வேண்டியது சிக்கலானதும் அல்ல. மருந்தை நிறுத்தி, தொடைத் தசையில் 0.5 மில்லி கிராம் அட்ரினலின் போட்டு, தெளிந்ததும் மெதுவாக மீண்டும் தொடங்க வேண்டும். அட்ரினலின் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் எங்கும் இருக்கக்கூடாது. சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டு, முதல் மணி நேரம் நோயாளியின் பக்கத்திலேயே ஒருவர் இருந்தால், அந்த ஆபத்து சமாளிக்கக்கூடியதே. எதிர்வினைக்குச் சிகிச்சை உண்டு. கொடுக்கப்படாத மருந்துக்கு ஈடாக எதுவும் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம், நரம்பைத் தாக்கும் விஷத்தைப் பற்றியது. மூச்சுத் தசை செயலிழந்தால் வென்டிலேட்டர் வேண்டும், அது சிறிய மருத்துவமனையில் இல்லை, ஆகவே அனுப்பத்தான் வேண்டும் என்பார்கள். அனுப்ப வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். எப்படி அனுப்புவது என்பதில்தான் வேறுபடுகிறேன். கட்டு விரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. தரையில் படுத்திருந்தவர் நள்ளிரவில் வயிற்று வலியோடு எழுவார், விடியற்காலையில் இமை தாழும், பேச்சு குழறும், எச்சில் தொண்டையில் தேங்கும். இந்த நிலையில் மல்லாக்கப் படுக்கவைத்து வண்டியில் ஏற்றினால், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாசலுக்கு முன்பே மூச்சு நின்றுவிடும். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைப்பது, தொண்டையை உறிஞ்சிச் சுத்தம் செய்வது, மூச்சு ஆழம் குறையும்போதே கையால் அழுத்தும் ஆம்பு பையால் காற்றுத் தரத் தொடங்குவது ஆகியவை வழியிலேயே உயிரைக் காக்கும் வேலைகள். பையை நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து முறை சீராக அழுத்த ஒரு செவிலியரோ, 108 ஆம்புலன்ஸின் மருத்துவ உதவியாளரோ, சொல்லிக் கொடுத்தால் நோயாளியின் உறவினரோகூடப் போதும். கைகள் மாறி மாறி அழுத்தினால் மணிக்கணக்கில் உயிரைத் தாங்கலாம். நல்ல பாம்புக் கடியில் அட்ரோப்பினோடு கொடுக்கும் நியோஸ்டிக்மின் ஊசி பலருக்குத் தசை வலுவை மீட்டுத் தரும். அது எளிதில் கிடைக்கும் மருந்துதான். கட்டு விரியன் கடித்தவரின் கண்மணி விரிந்து அசையாமல் நிற்பதைப் பார்த்து மூளைச்சாவு என்று முடிவு கட்டுவது கொடிய பிழை. விஷம் கண் தசைகளையும் முடக்கியிருக்கிறது. உள்ளே நினைவு தெளிவாக இருக்கக்கூடும். மூச்சைத் தாங்கிக்கொண்டே இருந்தால் அவர் சில நாள்களில் எழுந்து நடப்பார்.

மூன்றாவதாக, மருந்தின் தரத்தையே கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒரு வட்டாரத்தில் எடுத்த விஷத்தைக் கொண்டு தயாரித்த மருந்து நாடு முழுக்க ஒரே அளவுக்கு வேலை செய்யாது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் காட்டியிருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள மூக்கு உயர்ந்த குழி விரியனின் விஷத்துக்கு இந்தக் கூட்டு மருந்து பயன்படுவதே இல்லை. அதைச் சுருட்டை விரியன் என்று தவறாக எண்ணிக் குப்பி குப்பியாக ஏற்றுவதும் நடக்கிறது. வட்டாரத்துக்கேற்ற மருந்து வர வேண்டும் என்ற கோரிக்கையை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனால் அது வரும்வரை கையிலிருக்கும் மருந்தைத் தாமதிக்க இதைக் காரணமாக்கக் கூடாது. தமிழ்நாட்டின் நிலைமை இதில் சற்றுச் சாதகமானது, ஏனெனில் மருந்துக்கான விஷம் பெரும்பாலும் இந்த மண்ணின் பாம்புகளிடமிருந்தே எடுக்கப்படுகிறது. மருந்து முழு வலிமையோடு இல்லையென்றால், அதை நேரத்தோடு கொடுக்க வேண்டிய தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இப்படியெல்லாம் சொல்லி, கிராமத்தில் தனியாகப் பணியாற்றும் இளம் மருத்துவரின் தலையில் பழியைச் சுமத்துகிறோமா? அவர் அனுப்பி வைப்பது சோம்பலால் அல்ல. தன் கையில் நோயாளி இறந்தால் உறவினர்கள் அடிக்க வருவார்கள், வழக்கு வரும், மேலதிகாரி விளக்கம் கேட்பார். அனுப்பிய பிறகு வழியில் இறந்தால் யாரும் அவரைக் கேட்பதில்லை. செய்தவரைத் தண்டித்துச் செய்யாதவரைக் காக்கும் இந்த ஏற்பாட்டில் அனுப்பி வைப்பதே அறிவான முடிவாகத் தோன்றும். ஆகவே மாற வேண்டியது ஏற்பாடு. நெறிமுறைப்படி மருந்து தொடங்கிய மருத்துவருக்கு, விளைவு எதுவானாலும் துறை துணை நிற்கும் என்று எழுத்தில் உறுதி வேண்டும். நள்ளிரவிலும் தொலைபேசியை எடுத்து வழிகாட்டும் மூத்த மருத்துவர் ஒருவர் மாவட்டந்தோறும் வேண்டும். ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் தொடங்கும் முன், மருத்துவரும் செவிலியரும் சேர்ந்து இந்த ஒரு மணி நேரத்தை ஒத்திகை பார்க்க வேண்டும்: கண்ணாடிக் குழாய் எங்கே, அட்ரினலின் எங்கே, பை எங்கே, யார் என்ன செய்வது. அனுப்பும்போது கொடுத்த குப்பிகளின் எண்ணிக்கை, கொடுத்த நேரம், கடைசிச் சோதனையின் முடிவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பெரிய மருத்துவமனையில் காத்திருப்பவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸும், அழுகும் புண்ணுக்கு அறுவைச் சிகிச்சையும் பெரிய மருத்துவமனையில்தான் முடியும். அங்கே உயிரோடு போய்ச் சேர்ப்பது சிறிய மருத்துவமனையின் கடமை.

மக்கள் முதலில் மந்திரவாதியிடம்தானே போகிறார்கள், மருத்துவமனையைத் திருத்தி என்ன பயன் என்ற கேள்விக்கு நேபாளம் பதில் சொல்கிறது. அந்நாட்டின் தென்கிழக்குச் சமவெளியில் நான்கு கிராமங்களில், கடிபட்டவரைத் தன்னார்வலர்கள் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து உடனே சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடும், கூடவே மக்களுக்கான விழிப்புணர்வும் செய்யப்பட்டன. கடிபட்டவர்களில் இறப்போர் விகிதம் 10.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாக இறங்கியது என்று 2013இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்த வண்டி ஓடியதற்குப் பொருள் இருந்தது, ஏனெனில் அது போய் நின்ற இடத்தில் சிகிச்சை காத்திருந்தது. ஒரு கிராமத்தவர் தன் மகனைப் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தாலுகாவுக்கும், தாலுகாவிலிருந்து மாவட்டத்துக்கும் அனுப்பப்பட்டு, வழியில் பறிகொடுத்தால், அந்த ஊரே அடுத்த முறை வேறு பக்கம் போகும். பிழைத்து வந்த ஒருவர் ஊருக்குள் இருந்தால், எந்தச் சுவரொட்டியும் தராத நம்பிக்கையை அவர் தருவார். மந்திரவாதியோடு மருத்துவமனை போட்டியிட வேண்டிய களம் விழிப்புணர்வுக் கூட்டம் மட்டுமல்ல, அதன் சொந்த அவசரச் சிகிச்சை அறையும்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் மரணத்தையும் ஊனத்தையும் பாதியாகக் குறைப்பது இலக்கு. மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு, பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் எத்தனை பேருக்குக் கடி, எத்தனை பேர் சாவு என்று மட்டும் எண்ணினால் குறை எங்கே என்று தெரியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று நேரங்கள் பதிவாக வேண்டும்: கடித்த நேரம், முதல் மருத்துவமனைக்கு வந்த நேரம், முதல் குப்பி ஏறத் தொடங்கிய நேரம். முதல் இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஊரும் சாலையும் வண்டியும் பொறுப்பேற்க வேண்டியது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலானது முழுக்க முழுக்க நம் பொதுச் சுகாதாரத் துறையின் பொறுப்பு. அதைக் குறைக்கப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய கண்டுபிடிப்பும் வேண்டாம். மாவட்டந்தோறும் அந்த இடைவெளியை மாதம் ஒருமுறை கணக்கிட்டு வெளியிட்டாலே, எந்த மருத்துவமனைக்குப் பயிற்சி தேவை, எங்கே மருந்து தீர்ந்தது, எங்கே மருத்துவர் தனித்து விடப்பட்டார் என்பது வெளிப்பட்டுவிடும். உழுது விதைப்பவரின் உயிரை மதிப்பதாகச் சொல்லும் ஓர் அரசு, அந்த எண்ணை மக்கள் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது.